ஆரும் வாசிக்கலாம், முதல்லை கையொப்பம் வையுங்கோ

கடல் சாமான் திருத்துற வேலையிலை உப்புக் கறை நாலுமுறை துடைச்சால் போயிடும். கருவிப் பெட்டியிலை "திறந்த நியமம்" எண்டு அடிச்சிருக்கிறதை நம்பினதாலை வாற கோவம் எத்தினை முறை துடைச்சாலும் போகாது.

நான் கம்பஸிலை இலத்திரனியல், கடைசி வருசம். வீடு கோப்பாய். எங்கடை ஆக்கள் எல்லாம் வெங்காயமும் புகையிலையும்தான். கடல் எண்டால் வருசத்திலை ஒருக்கால் போய்க் கால் நனைச்சுப்போட்டு வாறது. அப்பிடிப்பட்ட நான் பயிற்சிக்கெண்டு வந்து சேந்தது குருநகரிலை யூட் அண்ணையின்ரை கடைக்கு. மீன்பிடிப் போட்டுகளிலை பூட்டுற ஜீ.பி.எஸ், மீன் பாக்கிற கருவி, ரேடியோ, இதுகளைத் திருத்துற கடை. யூட் அண்ணைக்கு நாப்பது வயதிருக்கும். வாயிலை எப்பவும் ஒரு ஸ்குரூ கவ்விக்கொண்டு இருப்பார். நான் சண்டை பிடிக்கத் துவங்கினால் மட்டும் அதை வெளியிலை எடுப்பார், சிரிக்கேக்கை விழுங்கிப்போடுவன் எண்ட பயத்திலை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் பட்ட காயம் இருக்கும். "இலவசம்" எண்டு போட்ட பக்கம் மூண்டாவது நிமிசத்திலை வங்கி அட்டை இலக்கம் கேட்டிருக்கும். "எல்லாத்துக்கும் பொருந்தும்" எண்டு வாங்கின சார்ஜர் உலகத்திலை உங்கடை போன் ஒண்டுக்கு மட்டும் பொருந்தாமல் விட்டிருக்கும். வாங்கோ, பக்கத்திலை இருங்கோ. நாங்கள் எல்லாரும் ஒரே வாங்கிலை இருக்கவேண்டிய ஆக்கள்.

எல்லாருக்கும் தெரியும், ஒராளைத் தவிர

கடற்றொழில் செய்யிற மரியதாஸ் அண்ணை தன்ரை ஜீ.பி.எஸ்ஸை இடுப்பிலை உடுக்கிற ஒரு சரத்திலை சுத்திக்கொண்டு வந்தவர். வயரை உப்புத் திண்டிட்டுது. கூடவே அவரின்ரை மனுசி ரீற்றா அக்கா. நான் பெட்டியைக் கழட்டக் கழட்ட அண்ணை போன மாசத்துக் கதையைச் சொல்லத் துவங்கினார். நடுக்கடலிலை இஞ்சின் இறுகிப்போச்சு. போனுக்குச் சிக்னல் இல்லை. ரெண்டு நாள் போட் தன்ரை பாட்டுக்கு இழுபட்டுக்கொண்டு போயிருக்கு. கடைசியிலை வேறை இறங்குதுறையைச் சேந்த போட் ஒண்டு தற்செயலாக் கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

"ஆனால் ஒண்டு சொல்லோணும் பிள்ளை," எண்டார் பெருமையா. "நான் வழி தவறேல்லை. உந்தப் பெட்டி ரெண்டு நாளும் இடத்தைச் சரியாக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சமும் பிழைக்கேல்லை. அருமையான சாமான்."

அந்த ரெண்டு நாளும் ரீற்றா அக்கா போட் கட்டுற ஜெட்டியிலை, வெய்யிலுக்கை, ஒரு மீன் பெட்டிக்கு மேலை இருந்தவ எண்டு பேந்துதான் யூட் அண்ணை சொன்னவர். அவ ஜீ.பி.எஸ்ஸை ஒருக்காப் பாத்தா, புருசனை ஒருக்காப் பாத்தா.

"இவர் எங்கை நிக்கிறார் எண்டு இவருக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியும், மேலை சுத்துற செய்மதிக்கும் தெரியும். எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது."

"ஏனையோர்" எண்டால் நான்

அண்டைக்கே முடிவெடுத்தன். கடைசி வருசத்துக்கு ஒரு செயற்திட்டம் செய்யத்தானே வேணும். எல்லாரும் கார் நிப்பாட்டுற கேற்றைத் தானாத் திறக்க வைக்கினம். எங்கடை கம்பஸிலை இருக்கிற கேற்றுகளைவிட அதைத் திறக்கிற செயற்திட்டங்கள் கூட. நான் ஒரு பெட்டி செய்யப்போறன். போட்டிலை ஏற்கெனவே இருக்கிற ஜீ.பி.எஸ்ஸிட்டை இடத்தைக் கேட்டு, அதைச் சின்ன ரேடியோவாலை கரைக்கும் பக்கத்துப் போட்டுகளுக்கும் சொல்லுற பெட்டி. படம், கணக்கு, எல்லாம் பகிரங்கமாப் போடவேணும். உப்பிலை பழுதாப்போகும், அப்ப எந்தத் துறையிலையும் ஆரும் திருத்தக்கூடியதா இருக்கவேணும். என்னைத் தேடிக்கொண்டு கோப்பாய்க்கு வரக்கூடாது.

அதுக்கு ஜீ.பி.எஸ் என்ன பாசையிலை கதைக்குது எண்டு தெரியவேணும். அதை எழுதி வைச்சிருக்கிற ஒழுங்குக்குத்தான் நியமம் எண்டு பேர். பெட்டியின்ரை பின்பக்கத்திலை "திறந்த நியமத்துக்கு அமைவானது" எண்டு வடிவா அச்சடிச்சுக் கிடந்தது. நானும் அந்த நியமத்தை வைச்சிருக்கிற அமைப்பின்ரை பக்கத்துக்குப் போனன். மேலை நீல எழுத்திலை "எல்லாருக்கும் திறந்தது". கீழை ஒரு படிவம். நீங்கள் ஆர்? உறுப்பினர், தயாரிப்பாளர், அரசாங்கம், ஏனையோர். நான் ஏனையோர். ஏனையோருக்குத்தான் விலை ஆகக் கூட. யூட் அண்ணை எட்டிப் பாத்துப்போட்டு, உந்தக் காசுக்குப் பழைய இஞ்சின் ஒண்டு வாங்கலாம் எண்டார். விலைக்குக் கீழை நிபந்தனை: பிரதி எடுக்கக்கூடாது, ஆருக்கும் காட்டக்கூடாது, உள்ளை இருக்கிறதை வெளியிலை போடக்கூடாது.

கோவத்திலை ஒரு மின்னஞ்சல் அனுப்பினன்: "இதிலை என்ன திறந்திருக்கு?" அடுத்த நாள் மறுமொழி வந்தது: "எமது நியமம் திறந்ததே. எவரும் எவ்விதப் பாகுபாடுமின்றி விலை கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்." அதை யூட் அண்ணைக்கு உரத்து வாசிச்சுக் காட்டினன். அவர் ஸ்குரூவை வாயிலையிருந்து எடுத்தார்.

"அந்தக் கணக்கிலை பாத்தால் ரவுணிலை இருக்கிற நகைக்கடையெல்லாம் திறந்ததுதானே பிள்ளை. வாசலிலை ஆரையும் மறிக்கிறேல்லை."

வாசிச்சால் எழுதேலாது, எழுதினால் வாசிக்கேலாது

என்ரை மேற்பார்வையாளர் சேர் நல்ல மனுசன். அதுதான் அவரோடை சண்டை பிடிக்க இன்னும் கஷ்டம். எங்கடை பிரிவிலை அந்த நியமத்தின்ரை ஒரு பிரதி இருக்காம். ஒரு கணினியிலை, ஒராள் மட்டும் வாசிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலையும் சேரின்ரை பேர் சாம்பல் நிறத்திலை சரிச்சு அடிச்சிருக்கும், ஆரும் களவா வெளியிலை விட்டால் ஆரைப் பிடிக்கிறதெண்டு தெரியத்தானே வேணும். நான் வாசிக்கிறதெண்டால் ஒரு தாளிலை கையொப்பம் வைக்கவேணும். கையொப்பம் வைச்சால் பேந்து அதிலை வாசிச்ச விபரத்தை என்ரை அறிக்கையிலை போடேலாது.

"அப்ப சேர், வாசிச்சால் எழுதக்கூடாது. வாசிக்காமல் நானாக் கண்டுபிடிச்சு எழுதினால்?"

"அதைத் தடுக்கேலாது. ஆனால் ஆதாரம் இல்லாமல் எழுதினதெண்டு பரீட்சகர் புள்ளியைக் குறைப்பார்."

"தெரிஞ்சுகொண்டு எழுதினால் குற்றம், தெரியாமல் எழுதினால் புள்ளி இல்லை. இதுக்குப் பேர் திறந்ததோ சேர்?"

சேர் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார். அவருக்குப் பொறுமை போகேக்கை செய்யிற வேலை அது. "பிள்ளை, உதை எழுத எத்தினை பேர் எத்தினை வருசம் கூட்டம் கூட்டமா இருந்து அடிபட்டிருப்பினம்? அவைக்கும் வயிறு இருக்கு. வித்தால்தானே அடுத்த திருத்தம் எழுதலாம்?" எண்டு கேட்டார்.

"வேலைக்குக் கூலி குடுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை சேர். பூட்டி வைச்சிருக்கிற வீட்டுக்கு முன்னாலை 'கதவு திறந்திருக்கு' எண்டு பலகை போடவேண்டாம் எண்டுதான் சொல்லுறன். 'விலைக்கு உண்டு' எண்டு போடட்டும். ஆர் கோவிக்கப்போகினம்?"

சேர் கையொப்பத் தாளைப் பேனையோடை என்ரை பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடேல்லை எண்டதைக் கண்டிட்டுக் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"சரி, வாசியாதை. ஆனால் கடைசியிலை, எதை எங்கையிருந்து எடுத்ததெண்டு காட்ட உசாத்துணைப் பட்டியல் எண்டு ஒரு பக்கம் வரும், அதிலை என்ன எழுதப்போறாய் எண்டு இப்பவே யோசி."

மோட்டச்சைக்கிளிலை போன ஜீ.பி.எஸ்

தாளை வாசிக்கத்தானே தடை? பெட்டி கதைக்கிறதைக் கேக்கத் தடை இல்லையே. மரியதாஸ் அண்ணையின்ரை ஜீ.பி.எஸ்ஸிலை இருந்து வாற ரெண்டு வயரை மடிக்கணினியிலை கொழுவினன். திரை முழுக்க எழுத்தும் இலக்கமும், இடைக்கிடை காற்புள்ளியும், மழை மாதிரிக் கொட்டிச்சுது. இரகசியமும் இல்லை ஒண்டும் இல்லை. சும்மா சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டு இருக்கு. ஆனால் எந்த இலக்கம் இடம், எந்த இலக்கம் வேகம், எது நேரம்? பெட்டி கடைக்குள்ளை மேசையிலை கிடக்கும் மட்டும் ஒண்டும் மாறாதே.

அதாலை யூட் அண்ணை மோட்டச்சைக்கிளின்ரை பெற்றோல் தாங்கியிலை ஜீ.பி.எஸ்ஸை வலைக்கயித்தாலை கட்டினார். பின்னாலை நான், மடியிலை கணினி, தோளிலை ஒரு பற்றறி. கரையோர வீதியாலை பாசையூர்ப் பக்கம் போறதும் திரும்பி வாறதும். "அண்ணை, கிழக்காலை கொஞ்சம் போங்கோ!" "அண்ணை, இப்ப நில்லுங்கோ!" "அண்ணை, வேகமா!" எண்டு நான் கத்தக் கத்த, அந்த மனுசன் வாயிலை ஸ்குரூவோடை ஓடினார். நாலு சுத்திலை இடம் பிடிபட்டுது. ஆறாவதிலை வேகம். வரிசையின்ரை கடைசியிலை வாற ரெண்டு எழுத்து மட்டும் விளங்கேல்லை. அது வரி பிழையில்லாமல் வந்திருக்கோ எண்டு சரிபாக்கிற கூட்டல் எண்டு பேந்து ரெண்டு நாள் கொப்பியிலை கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சன்.

எட்டாவது சுத்திலை, வீதியோரம் மீன் விக்கிற அம்மா வெட்டுற கத்தியை நிப்பாட்டிப்போட்டு எங்களை மறிச்சா. காலமையிலை இருந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

"கடலிலை வழி காட்டுற பெட்டியைக் கட்டிக்கொண்டுமோ பிள்ளையள் உங்களுக்கு இந்த ஒரு றோட்டிலை வழி தெரியேல்லை?"

கழுத்துப்பட்டி

பெட்டி வேலை செய்யத் துவங்கின கிழமை, கொழும்பிலை இருந்து கருவி விக்கிற முகவர் ஒருத்தர் கடைக்கு வந்தார். குருநகர் வெய்யிலுக்கை முழுக்கைச் சேட்டும், அதுக்கு மேலை இறுக்கின கழுத்துப்பட்டியும். மேசையிலை கிடந்த என்ரை பெட்டியைத் தூக்கிப் பாத்தார். மூடியிலை நான் பேனையாலை "திறந்த நியமத்தோடை ஒத்துப்போகும்" எண்டு எழுதியிருந்தன்.

"மிஸ், சேர்ட்டிபிக்கட் எடுத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப 'ஒத்துப்போகும்' என்டு போட ஏலாதே."

"ஒத்துப்போகுது. கொழுவிப் பாருங்கோ, காட்டுறன்."

"ஒத்துப்போறது வேற, ஒத்துப்போகும் என்டு சொல்றது வேற. சொல்றதுக்கு வருசா வருசம் கட்டணும்."

நான் மூடியைப் பறிச்சு, "ஒத்துப்போகும்" எண்டதை வெட்டிப்போட்டு, "கொழுவினால் வேலை செய்யும்" எண்டு எழுதினன். அது பரவாயில்லையாம். அப்ப மிச்சம் கிடக்கிற "திறந்த நியமம்" எண்ட ரெண்டு சொல்லு? அவர் அதையும் விரலாலை மூடிக் காட்டினார். உண்மையிலேயே கவலையோடைதான் சொன்னார்.

"ஸ்டாண்டர்ட் எல்லாருக்கும் ஓப்பின்தான் மிஸ், அதுட பேரைத்தான் கேக்காம பாவிக்க ஏலாது."

மூண்டாம் நாள் வந்த ஆறு போட்

இனி என்ரை முறை. இதுவரைக்கும் மற்றவையைப் பாத்துச் சிரிச்சனான், இதையும் ஒளிக்காமல் சொல்லோணும்.

மூண்டு போட்டுக்குப் பெட்டி பூட்டினம். முதலாவது மரியதாஸ் அண்ணையின்ரை. பெட்டி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் இடத்தைச் சொல்லும். கடையிலை ஒரு திரை, அதிலை கடல் படம், போட்டுகள் புள்ளியா நகரும். ரீற்றா அக்கா முதல் நாள் வந்து புள்ளியைப் பாத்துப்போட்டு, அண்டைக்கு விக்க வைச்சிருந்த நண்டிலை ரெண்டைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சிட்டுப் போனா. எனக்குத் தலைகால் தெரியேல்லை. திறந்ததெண்டால் முழுக்கத் திறந்ததா இருக்கவேணும் எண்டு சொல்லித் திரையை றோட்டுப் பக்கம் திருப்பி வைச்சன். ஒளிக்க என்ன இருக்கு? ஆரும் பாக்கட்டும்!

பாத்தினம். ரெண்டாம் நாள் திரைக்கு முன்னாலை பிளேன்ரீக் கோப்பையோடை ஒரே சனம். குருநகருக்குத் தொழில்நுட்பத்திலை இவ்வளவு ஆர்வமோ எண்டு எனக்குப் பெருமை. ஒருத்தர் உள்ளங்கையிலை பேனையாலை ஏதோ குறிச்சவர். மாணவ மனம் எண்டு நினைச்சன். மூண்டாம் நாள் மரியதாஸ் அண்ணை பெட்டியைப் பிடுங்கிக் கையிலை கொண்டுவந்து மேசையிலை அடிச்சு வைச்சார். அவருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு இடம், கடலுக்கடியிலை கல்லு, விளைமீன் நிக்கிற இடம். கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும் ஒரு கோட்டிலை வரவேணும், வேறை ரெண்டு அடையாளமும் வேணும், அதை அவர் வாயாலை சொல்லவே மாட்டார். அண்டைக்கு விடிய அங்கை போனால், அவருக்கு முன்னமே ஆறு போட் நிக்குதாம். அதிலை ஒருத்தன் கை காட்டி "வணக்கம் அண்ணை" எண்டும் சொன்னவனாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கேல்லை. "கடல் எல்லாருக்கும் பொதுதானே அண்ணை" எண்டன்.

"பொதுதான். அந்தக் கல்லை என்ரை அப்பு எத்தினை வருசம் கடலிலை காஞ்சு தேடினவர் தெரியுமோ? அவருக்கும் வயிறு இருந்தது. சும்மா குடுக்கிறதுக்கோ தேடினவர்?"

கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சிருந்தால் சேர் எண்டே நினைச்சிருப்பன். சொல்லுக்குச் சொல் அதே நியாயம். இது யூட் அண்ணை ஸ்குரூவை வாயிலை இருந்து எடுக்க மறந்த ஒரேயொரு நாள். மரியதாஸ் அண்ணை படியிலை இறங்கிப்போட்டுத் திரும்பினார்.

"ஆபத்தெண்டால் கடலிலை ஆரும் ஆரையும் கேக்கலாம் பிள்ளை, மீன் எங்கை எண்டு மட்டும் ஆரும் ஆரையும் கேக்கிறேல்லை."

சிவப்புப் பட்டன்

ரெண்டு நாள் கொப்பியைத் திறக்கேல்லை. வீட்டிலை அம்மா காய்ச்சலோ எண்டு கேட்டா. நான் பிழைச்ச இடம் மெல்ல மெல்லத்தான் விளங்கிச்சுது. பாசை திறந்திருக்கவேணும், ஆரும் படிக்கலாம், ஆரும் கதைக்கலாம், ஆரும் அந்தப் பாசையிலை பெட்டி செய்யலாம். அதுக்காக அந்தப் பாசையிலை ஒருத்தர் கதைக்கிறதெல்லாத்தையும் றோட்டிலை நிண்டு எல்லாரும் கேக்கவேணும் எண்டில்லை. நான் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழைச்சுப்போட்டன். அந்த அமைப்பு கதைக்கிற பாசையைப் பூட்டி வைச்சது. நான் மனுசன் கதைச்சதைத் திறந்துவிட்டன். ரெண்டு பேரும் தலைகீழ்.

பெட்டியிலை ஒரு சிவப்புப் பட்டன் வைச்சன். அமத்தாத மட்டும் பெட்டி வாய் திறக்காது. அமத்தினால், எல்லாருக்கும், பூட்டில்லாமல், ஆரும் வாசிக்கக்கூடிய மாதிரி இடத்தைச் சொல்லும். மரியதாஸ் அண்ணை மாட்டன் எண்டு நிண்டார். ரீற்றா அக்கா முந்தி ரெண்டு நாள் இருந்த அதே மீன் பெட்டியைக் கொண்டுபோய் ஜெட்டியிலை போட்டு அதிலை இருந்தவவாம். மூண்டாம் நாள் அண்ணை கடைக்கு வந்து பூட்டச் சொன்னார்.

அடுத்த கிழமையே இஞ்சின் திரும்ப நிண்டிட்டுது. காலமை ஒம்பது மணிக்குக் கடையிலை பெட்டி கத்திச்சுது. திரையிலை புள்ளி. அந்த ஆறு போட்டிலை, எங்கடை பெட்டி பூட்டின ஒண்டுதான் கிட்ட நிண்டது. அது போய்க் கட்டி இழுத்துக்கொண்டு பத்தரைக்கெல்லாம் கரைக்கு வந்திட்டுது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. உப்புக் காத்து எண்டு சொன்னன். எல்லாரும் கை தட்டிக்கொண்டு நிக்க, ரீற்றா அக்கா மட்டும் கேட்டா: "இஞ்சின் எத்தினை மணிக்கு நிண்டது?"

"ஏழுக்கு," எண்டார் அண்ணை.

"பட்டன் அமத்தினது ஒம்பதுக்கு."

அண்ணை கட்டி இழுத்துக்கொண்டு வந்தவனைப் பாத்தார், பேந்து நிலத்தைப் பாத்தார். இஞ்சின் நிண்டது அந்தக் கல்லுக்கு நேர் மேலை. அந்த இடத்திலை அமத்தினால் இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே? ஆறு பேருக்கு ஏற்கெனவே தெரியும் எண்டதெல்லாம் வேறை கதை; ஏழாவதுக்கு ஏன் சொல்லுவான்? அதாலை நங்கூரத்தைப் போடாமல், போட் தானா இழுபட்டு இடம் விலகும் மட்டும், ரெண்டு மணித்தியாலம் சும்மா இருந்திருக்கிறார். சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்திலை. கையைக் கட்டிக்கொண்டு.

"உங்கடை அப்புவின்ரை கல்லுக்கு ரெண்டு மணித்தியாலம் குடுத்தியள், அடுத்தமுறை எனக்கும் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கிவிடுங்கோ."

பத்திரமா இருக்கு

அதுக்குப் பிறகு எல்லாப் போட்டுக்கும் பெட்டி வேணும் எண்டு துறையிலை இருக்கிற கடற்றொழிலாளர் சங்கம் கேட்டுது. நான் பாசையை ஒரு தாளிலை, முன்னும் பின்னும், தமிழிலை எழுதினன். எந்த இடத்திலை காற்புள்ளி, எந்த இலக்கம் என்ன, பட்டன் அமத்தினால் என்ன போகும், கடைசியிலை வாற ரெண்டு எழுத்தை எப்பிடிக் கூட்டுறது. தலைப்பிலை: "ஆரும் வாசிக்கலாம். ஆரும் செய்யலாம். ஆரும் திருத்தலாம்." உலகத்துக்கு முன்மாதிரி எண்டு நினைச்சு, நெஞ்சை நிமித்திக்கொண்டு செயலாளர் அருளப்பு ஐயாவிட்டைக் குடுத்தன். அரசாங்கக் கந்தோரிலை வேலை செய்து ஓய்வெடுத்த மனுசன். தாளை ரெண்டு கையாலையும் வாங்கி, மரியாதையா வாசிச்சு, மேசை லாச்சியைத் திறந்து, முத்திரை எடுத்து, என்ரை தலைப்புக்கு நேர் மேலை "டொக்" எண்டு குத்தினார்: சங்கத்தின் அனுமதியின்றிப் பிரதி எடுத்தல் தடை.

"ஐயா, கீழை என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சன் பிள்ளை. அருமையா எழுதியிருக்கிறாய். அதுதான் முத்திரை."

கோப்பிலை போட்டு, கோப்பை அலுமாரியிலை வைச்சு, அலுமாரியைப் பூட்டி, திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டார். ரெண்டு கிழமையாலை உடுப்பிட்டியிலை இருந்து என்னோடை படிக்கிற ரெண்டு பேர், தங்கடை பக்கத்துப் போட்டுகளுக்கும் செய்ய வேணும் எண்டு ரெண்டு பஸ் மாறி வந்தவை. அருளப்பு ஐயாவிட்டைக் கேட்டால், கடிதம் எழுதித் தரட்டாம், அடுத்த நிர்வாகக் கூட்டத்திலை எடுக்கலாமாம், உறுப்பினர் இல்லாட்டில் தலைவரின்ரை கையொப்பமும் வேணுமாம். உறுப்பினர், தலைவர், ஏனையோர்! நான் ஓடிப்போய்ப் பிடிச்ச சண்டையிலை ஜெட்டியிலை நிண்ட காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. அருளப்பு ஐயா ஒரு துளி கோவிக்கேல்லை.

"எல்லாருக்கும் பொதுவான தாள் எண்டு நீதானே பிள்ளை சொன்னாய், அது துலைஞ்சு போனால் ஆர் பொறுப்பு எண்டுதானே நான் பூட்டி வைச்சிருக்கிறன்."

உசாத்துணைப் பட்டியல்

நல்லகாலம், நான் எழுதினது என்ரை தலைக்குள்ளை இருந்தது. ஒரு சுவர் தேடினன். துறையிலை இருக்கிற சுவர் முழுக்க ஒண்டுக்கு மேலை ஒண்டா அறிவித்தல். எதிலை எழுதினாலும் அடுத்த நாள் ஆரும் ஒட்டி மூடுவினம். யூட் அண்ணைதான் கடையின்ரை ஷட்டர் கதவைக் காட்டினார். போட்டுக்கு அடிச்சு மிஞ்சின நீலப் பெயின்ற் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு, ரெண்டு பேருமா ஷட்டரிலை மேலையிருந்து கீழை முழுப் பாசையையும் எழுதினம். உடுப்பிட்டிப் பெடியள் அண்டைக்கே வந்து போனிலை படம் பிடிச்சுக்கொண்டு போச்சினம். ஆரிட்டையும் கையொப்பம் கேக்கேல்லை. அறிக்கையின்ரை கடைசிப் பக்கத்திலை, ஆதாரம் எண்ட இடத்திலை, நான் துணிஞ்சு எழுதினன்: "கடல் கருவிகள் திருத்துமிடம், குருநகர், வாசல் கதவு."

சேர் அதை நம்பேல்லை. ஒரு புதன்கிழமை தானே நேரை வந்தார். கடைக்கு முன்னாலை நிண்டு இடது சுவரைப் பாத்தார், வலது சுவரைப் பாத்தார், உள்ளை எட்டிப் பாத்தார். நியமத்தைக் காணேல்லை. யூட் அண்ணை வேலையை நிப்பாட்டி, உள்ளை நிண்ட ரீற்றா அக்காவையும் மரியதாஸ் அண்ணையையும் என்னையும் வெளியிலை வரச் சொல்லிப்போட்டு, சுருட்டி மேலை கிடந்த ஷட்டரைக் கொழுக்கியாலை கீழை இழுத்து விட்டார். நீல எழுத்து ஒவ்வொரு வரியா இறங்கி வந்தது. சேர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, கடைசி ரெண்டு எழுத்தின்ரை கூட்டல் மட்டும் வாசிச்சார். ஒரு பிழையும் பிடிக்கேல்லை.

"சரியா இருக்கு பிள்ளை, புள்ளி குறைக்கேலாது, ஆனால் ஆதாரத்திலை 'வேலை நாட்களில் பார்வையிட முடியாது' எண்டும் சேத்து எழுது."

ஆக, இந்தக் குடாநாட்டிலை காசும் கையொப்பமும் இல்லாமல் ஆரும் வாசிக்கக்கூடிய ஒரேயொரு திறந்த நியமத்தைப் பாக்கவேணுமெண்டால், தயவுசெய்து கடை பூட்டின பிறகு வாங்கோ.